அலுமாரியில் வைத்த தேயிலை

காய்ச்சல் விட்ட மறுநாள் காலை அம்மா கொண்டுவந்து தந்த தேத்தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டு, "தேயிலை போட மறந்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

அம்மா கோப்பையை வாங்கி உள்ளே பார்த்தார். தானும் ஒரு வாய் குடித்தார்.

"நல்ல சாயமாத்தானே இருக்கு. காய்ச்சல் வாய்க்கு எல்லாம் அப்பிடித்தான். குடிச்சிட்டுப் படு."

குடித்தேன். சூடு தெரிந்தது. சீனி தெரிந்தது. விழுங்கிய பிறகு கன்னத்தின் உட்புறம் சற்றுச் சுருங்குவதும் தெரிந்தது. மற்றபடி அது வெந்நீர். எழுந்துபோய்க் குசினியில் இருந்த தேயிலைப் போத்தலைத் திறந்து முகர்ந்தேன். ஒன்றுமில்லை. மிளகாய்த்தூள் போத்தலைத் திறந்தேன். கண் எரிந்தது, மணம் வரவில்லை. கறிவேப்பிலையைக் கசக்கினேன். சவர்க்காரத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்தேன். எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, இப்போது பயம் வரும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. காய்ச்சல் போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது போலிருந்தது.

பயப்பட வேண்டிய ஆள்தான் நான். தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவது என் வேலை.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிற சிறிய தேயிலைக் கொம்பனி அது. கீழே பொதி கட்டும் பகுதி, மேலே சுவைக்கும் அறை. மேலே ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். பயிற்சி முடிய இன்னும் ஏழு கிழமை இருந்தது. முடிந்ததும் என்னை நிரந்தரமாக எடுப்பதா இல்லையா என்று ஒருவர்தான் தீர்மானிப்பார். எல்லோரும் அவரைச் சேர் என்றே கூப்பிடுவோம். முப்பது வருடமாகத் தேயிலை உறிஞ்சித் துப்பிய யாழ்ப்பாணத்து மனிதர். அந்த அறையில் எனக்கு முன் எந்தப் பெண்ணும் கரண்டி பிடித்ததில்லை.

எங்கள் வீட்டிலோ எனக்கு முன் பள்ளிக்கூடத்தை முடித்தவரே இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். தன் பெயரை மட்டும் எழுதுவார். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். இடியப்பம் அவித்துக் கொட்டாஞ்சேனைக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நான் உயர்தரம் சித்தியடைந்து தேயிலை பற்றிய டிப்ளோமாவும் முடித்தேன். எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கடிதம் வந்தால் அது முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். வாசித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. யாரும் அதை எனக்கு இனாமாகத் தரவில்லை.

அப்பாவுக்கு வேலை ஓய்ந்த பிறகு ஒழுங்கை முனைக் கடைதான் பொழுதுபோக்கு. அங்கே போய்ச் சொல்லுவார்:

"என்ட மகள் தேத்தண்ணி குடிச்சுச் சம்பளம் எடுக்கிறாள்."

"குடிக்கிறதுக்கோ? துப்புறதுக்குத்தானாம் சம்பளம்," என்பார் கடைக்காரர்.

"துப்புறதுக்கும் படிக்கோணும் காணும்."

காய்ச்சலுக்குப் பிறகு டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர், இந்தக் காய்ச்சல் வந்தவர்களில் சிலருக்கு மணம் போவது உண்டு என்றும், திரும்ப வரும் என்றும் சொன்னார். எப்போது என்று கேட்டேன். சிலருக்குக் கிழமைகளில், சிலருக்கு மாதங்களில் என்றார். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சேர், "சுகமோ பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் சேர், சுகம்," என்றேன். பொய் அவ்வளவுதான். அதைச் சொல்லும்போது குரல்கூட மாறவில்லை.

சுவைக்கும் அறையில் வேலை ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரித்தான் நடக்கும். நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மூடியுள்ள ஒரு சிறு குவளை. தராசில் இரண்டு கிராமுக்குச் சற்று மேலே இலை நிறுத்துக் குவளைக்குள் போடுவேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறவர் சிங்களவர். அவர் தன் மொழியில் என்னை நங்கி, தங்கச்சி, என்பார். நானும் அவரை அய்யே, அண்ணா, என்பேன். அவர் கேத்தலோடு மேசை நெடுக நடந்து ஊற்றிக்கொண்டு போவார். ஆறு நிமிடம் கழித்துக் குவளைகளைக் கிண்ணங்களின்மேல் சரித்து வடியவிடுவோம். மூடியைத் திருப்பி அதன்மேல் வெந்த இலையைக் கொட்டுவோம். சேர் கரண்டியால் அள்ளி, கீழே பொதி கட்டுகிறவர்களுக்கும் கேட்கிற சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்புவார். அடுத்தது நான். அந்தச் சத்தம் அநாகரிகமல்ல. காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்குக்குப் போகும்.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் கிழமைகள் போயின. வெந்த இலையின் நிறம் பொய் சொல்லாது. செம்பு நிறம் என்றால் நல்லது, பச்சை கலந்திருந்தால் சரியாகப் புளிக்கவில்லை, கறுத்திருந்தால் அளவு தப்பியிருக்கிறது. துவர்ப்பை நாக்கு அறியும், அதற்கு மூக்குத் தேவையில்லை. மீதிக்குச் சேரின் புருவத்தைப் பார்ப்பேன். இவற்றை வைத்துப் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே எழுதினேன். என் கையெழுத்து அழகானது. படிப்பு எனக்குத் தந்தவற்றில் ஒன்று, ஒன்றும் தெரியாதபோதும் வசனம் தடையில்லாமல் வருவது.

இரண்டாவது கிழமையில் சேர் ஒரு புது வேலை தந்தார். முழு இலைத் தேயிலையை டின்னில் அடைத்துக் கடைகளுக்குப் போடப் போகிறோம். வீட்டில் அதை எப்படி ஊற்றுவது என்று ஒரு துண்டுத்தாள் உள்ளே வைக்க வேண்டும். தமிழில் நான் எழுத வேண்டும்.

"இந்த மேசையில செய்யிறதை எழுதாத," என்றார். "இது ஆய்வுக்கூடம். சனத்தின்ட குசினியில தராசும் இல்ல, மணிக்கூடும் இல்ல. உன்ட வீட்டில ஊத்திப் பார்த்து எழுது. டின்னை உடைச்சு அங்கயே வைச்சிரு. ஒரு மாசம் கழிச்சுக் கொண்டுவா. வீட்டில இருந்த இலை என்ன பாடுபட்டிருக்கெண்டு பாப்பம். உன்னை நிரந்தரமாக்கிற கதையையும் அண்டைக்கே கதைப்பம்."

டின்னைக் கொண்டுவந்து குசினியில் வைத்தேன். அம்மா அதைத் திறந்து, சுருண்டு நீண்டு கிடந்த இலையைப் பார்த்தார்.

"என்ன மகள், அரைக்க மறந்திட்டாங்களோ?"

அம்மா தேத்தண்ணீர் ஊற்றும் முறை எங்கள் பக்கத்தில் எல்லோருடையதும்தான். துணி வடியில் தூளைப் போட்டு, கொதிநீரை அதன்மேல் ஊற்றி, இரண்டு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி இறக்குவது. ஒரு நிமிடத்தில் கறுத்த சாயம் வந்துவிடும். முழு இலையையும் அப்படியே செய்தார். வைக்கோல் நிறத்தில் தண்ணீர் இறங்கியது.

"இது தேத்தண்ணி இல்ல, தேயிலை கழுவின தண்ணி. இதுக்கோ உங்கட ஆக்கள் காசு வாங்கப் போறாங்கள்?"

தூள் உடனே விட்டுவிடும், முழு இலை விரிய இடமும் நேரமும் கேட்கும் என்று சொன்னேன். எங்கள் வீட்டில் தேநீர்ச் சாடி இல்லை. தண்ணீர் வைக்கும் எனாமல் ஜக்கை எடுத்தேன். முதலில் கொஞ்சம் கொதிநீர் விட்டு ஜக்கைச் சூடாக்கி ஊற்றிவிட்டு, ஆளுக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி இலை போட்டேன். மூடி இல்லாததால் ஒரு சாப்பாட்டுப் பீங்கானைக் கவிழ்த்து வைத்தேன். மூடாவிட்டால் சூடும் மணமும் போய்விடும். மணம் போகும் என்று அன்றைக்கு எழுதும்போது பேனை நிற்கவில்லை.

தண்ணீர்தான் பெரிய சிக்கல். அம்மா விடிய நாலு மணிக்கு இடியப்ப மாவுக்காகக் கேத்தலை அடுப்பில் வைத்தால் அது ஏழு மணிவரை கொதித்துக்கொண்டே கிடக்கும். குறையக் குறைய மேலே விடுவார். அந்தத் தண்ணீரில் ஊற்றினால் சாயம் மங்கிப் போனது. குழாயில் புதிதாகப் பிடித்து ஒருதரம் மட்டும் கொதிக்கவிட்டு ஊற்றியபோது சாயம் துலங்கியது. இதைக் கண்ணால் பார்க்கலாம். நேரத்தையும் நாக்கால் பார்த்தேன். மூன்று நிமிடம் போதவில்லை, ஆறு நிமிடத்தில் துவர்ப்பு வாயை இழுத்தது. நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் சரி. மணிக்கூடு இல்லாத குசினிக்கு அதை எப்படிச் சொல்வதென்று அம்மாவின் கையைப் பார்த்தேன். ஆறு தட்டு இடியப்பம் பிழிகிற நேரம்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அதுதான் தேயிலையின் பாதி.

"அம்மா, இதைக் குடிச்சிட்டுச் சொல்லுங்க. எப்பிடி இருக்கு?"

"சூடா இருக்கு."

"சூடு எனக்கும் தெரியும். மணம் எப்பிடி?"

"தேயிலை மணம்."

"என்ன மாதிரித் தேயிலை மணம்?"

"நீதானே படிச்சது. என்னட்டக் கேக்கிறாய்?"

"துண்டுத்தாளில போடோணும். படிக்காத ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு பாக்கிறன்."

அம்மாவின் முகத்தில் ஏதாவது மாறியதா என்று எனக்கு நினைவில்லை. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு வாய் குடித்தார்.

"முதல்ல வெயில்ல காயப்போட்ட பாய் மாதிரி. விழுங்கினாப்பிறகு தோடம்பழத் தோலை நகத்தால கீறினா வருமே, அது."

எழுதிக்கொண்டேன். மறுநாள் அதே இலை மேலே மேசையில் இருந்தது. வைக்கோல் வெதுவெதுப்பு, முடிவில் ஆரஞ்சுத் தோல் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சேர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, "ஓம், இருக்கு," என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும், மறுநாள் மேசைக்கு வரவிருக்கும் இலைகளில் சிட்டிகை சிட்டிகையாகத் தாளில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் காலி வீதி நெடுக அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். வீட்டில் ஆறு கோப்பை ஊற்றுவேன். அம்மா குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் குடிப்பார். ஈரச் சாக்கு, பழைய பலகை, வறுத்த பருப்பு, மழைக்கு முன் மண். அவர் சொல்லச் சொல்ல நான் கோப்பைக்கு எண் போட்டு எழுதுவேன். கணக்குப் பாடம் செய்வது போல இருந்தது. குற்றம் செய்வது போல இல்லை.

"ஆறு கோப்பை குடிச்சா ராத்திரி நித்திரை வராது மகள்."

"துப்புங்க."

"நல்ல தேத்தண்ணியத் துப்பவோ? எனக்கு என்ன விசரோ?"

ஒரு சனிக்கிழமை அடுப்பில் கறி இருந்தது. நான் பக்கத்தில் இருந்து துண்டுத்தாளைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். கிணற்றடிக் குழாயில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடிவந்து சட்டியைத் தூக்கினார். அடி கரியாகப் போயிருந்தது. வீடு முழுவதும் புகை.

"மூக்கு எங்க உனக்கு?"

"தடிமன்."

"ஒரு மாசமாவோ தடிமன்?"

தாளுக்குள் குனிந்தேன். அம்மாவும் பிறகு கேட்கவில்லை. சட்டிக்குள் தண்ணீர் விட்டு ஊற வைத்தார்.

அன்றைக்குத்தான் டின்னைத் தேடினேன். குசினித் தட்டில் காணவில்லை.

"உள்ள எடுத்து வைச்சிட்டன்," என்றார் அம்மா. "குசினியில ஈரம், கரப்பான். கொம்பனிச் சாமானெல்லோ. வந்த கிழமையே வைச்சிட்டன். குடிக்கேக்க மட்டும் எடுக்கிறனான்."

எங்கள் வீட்டில் பூட்டுள்ள பெட்டகம் ஒன்றுதான், படுக்கை அறை அலுமாரி. திறந்து பார்த்தேன். அம்மாவின் நாலு நல்ல சீலைகள் மடித்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் பொலித்தீன் பைக்குள் என் சான்றிதழ்கள். சான்றிதழ்களுக்கு மேலே டின். மூடி அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தாத டின். இருட்டான, உலர்ந்த, அடுப்புக்குத் தூரமான இடம். துண்டுத்தாளில் நான் எழுதியிருந்த அதே சொற்கள். நல்ல இடந்தான் என்று நினைத்தேன். சீலை மடிப்புகளுக்கிடையில் நப்தலீன் பூச்சி உருண்டைகள் கிடந்தன. அவற்றையும் பார்த்தேன். மணம் இல்லாதவளுக்கு அவை வெறும் வெள்ளை உருண்டைகள். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது டிப்ளோமாவின் முதல் பாடங்களில் ஒன்று. அதை ஒப்புவிக்கச் சொன்னால் அன்றைக்கும் ஒப்புவித்திருப்பேன். அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கடைசிக் கிழமையில் அந்த இலையை ஒருதரம் ஊற்றி அம்மாவிடம் கொடுத்தேன்.

"இப்ப முந்தியைவிட நல்ல மணமா இருக்கு," என்றார்.

"என்ன மாதிரி?"

யோசித்தார். "கலியாண வீட்டுக்குப் போக வெளிக்கிடேக்க வருமே ஒரு மணம். அது."

மலர் மணம் கூடியிருக்கிறது என்று எழுதினேன்.

குறித்த நாளில் டின்னைக் கொண்டுபோனேன். சேர் இரண்டே கிண்ணம் வைக்கச் சொன்னார். ஒன்று ஒபிஸில் மூடி வைத்திருந்த இலை, மற்றது எங்கள் வீட்டு இலை. நானே நிறுத்துப் போட்டேன். அய்யே ஊற்றிக்கொண்டு வந்தவர் இரண்டாவது குவளையில் ஆவி எழும்பியதும் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் மணிக்கூட்டில் ஆறு நிமிடம் வைத்தேன்.

நேரம் முடிந்தது. சேர் முதலாவதை உறிஞ்சித் துப்பினார். இரண்டாவதை உறிஞ்சினார். உடனே துப்பிவிட்டு, தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தார். கரண்டியை மேசையில் வைத்தார்.

"நீ பார் பிள்ளை."

உறிஞ்சினேன். சத்தம் சரியாக வந்தது. வாய்க்குள் சுழற்றித் துப்பினேன்.

"சாயம் நல்லம், சேர். துவர்ப்பு அளவா இருக்கு. மலர் மணம் கூடியிருக்கு."

அய்யே சிரித்துவிட்டார். "நங்கி, பகிடியா?" என்றார் தமிழில்.

சேர் சிரிக்கவில்லை. "இன்னொருக்காப் பார்."

பார்த்தேன். "மலர் மணம், சேர்."

"பிள்ளை," என்றார் அவர், மெதுவாக, "இது பூச்சி உருண்டை. அறை முழுக்க மணக்குது."

அய்யே போய் யன்னலைத் திறந்தார். கீழே ரயில் ஒன்று போனது. அது போனபிறகு சேர் கேட்டார்:

"எவ்வளவு நாளா?"

"காய்ச்சலில இருந்து."

"அப்ப இவ்வளவு நாளும் எழுதினது?"

"வெந்த இலையைப் பார்த்து எழுதினன். துவர்ப்பைப் பார்த்து. மணத்துக்கு அம்மா."

"அம்மா எங்க வேலை?"

"இடியப்பம் அவிக்கிறவ."

சேர் புத்தகத்தை எடுத்துக் காய்ச்சலுக்குப் பிந்திய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நெடுநேரம் திருப்பினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை. கால் வலித்தது.

"கனக்கப் பிழை இல்ல," என்றார் கடைசியில். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மூக்கு ஆருக்கும் போகும். வந்து சொல்லியிருந்தா லீவு தந்திருப்பன். இனி இந்தப் பக்கங்களில எதை நம்புறது?"

அடிமட்டத்தை வைத்து, என் பெயருக்கு எதிரே இருந்த ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையால் வெட்டினார். கோடு நேராக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நிரந்தரமாக்கிற கதை இப்ப இல்ல. நாளையில இருந்து கீழ பொதி கட்டு. துண்டுத்தாளை எழுதி முடி. அதை வேற ஆரும் எழுத ஏலாது."

அன்றைக்குப் பின்னேரம் அம்மா மா வறுத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு போனது, கீழே இறக்கியது, பூச்சி உருண்டை. அம்மா அகப்பையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மா கருகிவிடும்.

"மூக்குப் போனது எனக்குத் தெரியும்," என்றார். "சட்டி கருகின அண்டே. நீயாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."

"அந்தத் தேத்தண்ணி மணம் உங்களுக்குப் பிழையாத் தெரியேல்லையா?"

"எங்கட வீட்டில நல்ல சாமான் எல்லாம் அந்த மணந்தானே மகள். விலை கூடின தேயிலையும் அப்பிடித்தான் மணக்கும் எண்டு நினைச்சன்."

மாவைத் தாச்சியிலிருந்து கொட்டிப் பரப்பிவிட்டு அம்மா கேட்டார்:

"அப்ப நான் சொன்னதெல்லாம் உங்கட ஒபிஸ் புத்தகத்தில இருந்ததோ?"

"இருந்தது. வெட்டிப் போட்டார்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்."

"சரியாச் சொன்னதையுமோ?"

"ஓம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அடுப்புச் சூடு. "அப்பாட்ட நான் சொல்லுறன்," என்றார். இன்றுவரை சொன்னதாகத் தெரியவில்லை. கடையில் அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறது. நான் அதைக் கேட்டுக்கொண்டே அந்த வழியால் போகிறேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று அன்று இரவு தீர்மானித்திருந்தேன். மறுநாள் எழும்பி முகம் கழுவி, பஸ் ஏறி, கீழ்ப் பகுதியில் போய் இருந்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. துண்டுத்தாளை அங்கேயிருந்து முடித்தேன். அது இப்போது டின்களுக்குள் போகிறது:

"புதிதாகப் பிடித்த தண்ணீரை ஒருமுறை மட்டும் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பாத்திரத்தைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு கோப்பைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி இலை. துணி வடிக்குள் அடைக்க வேண்டாம், இலை விரிய இடம் வேண்டும். கொதிநீரை ஊற்றி மூடுங்கள். நாலு நிமிடத்துக்கு மேல், ஐந்துக்குள், அதாவது ஆறு தட்டு இடியப்பம் பிழியும் நேரம். பிறகு முழுவதையும் வடித்துவிடுங்கள், இலை தண்ணீரில் கிடந்தால் துவர்க்கும். முதல் வாயைச் சீனி போடாமல் குடித்துப் பாருங்கள். டின்னை இறுக மூடி, சரக்குத்தூள், கருவாடு, சவர்க்காரம், மருந்தெண்ணெய், உடுப்பு அலுமாரி ஆகியவற்றிலிருந்து தூரமாக வையுங்கள்."

இடியப்பத்தைச் சேர் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. உடுப்பு அலுமாரிக்குக் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்து அச்சுக்கு அனுப்பினார்.

மேலே அவர்கள் உறிஞ்சும் சத்தம் கீழே கேட்கும். எத்தனை கிண்ணம் என்று எண்ண முடியும். எண்ணுவதில்லை, ஆனால் எண் தெரிந்துவிடுகிறது.

ஒரு மாதம் கழித்து அய்யே கீழே வந்து, "நங்கி, சேர் வரட்டாம்," என்றார். போனேன். மேசையில் மூன்று கிண்ணம் இருந்தன. ஒன்றில் வேண்டுமென்றே ஏதோ ஒரு கெட்ட மணம் ஏற்றிய இலை. எதில் என்று சொல்ல வேண்டும். மூன்றையும் உறிஞ்சினேன். வெந்த இலையைப் பார்க்கக் கூடாது என்று மூடிகளை முன்னமே எடுத்துவிட்டிருந்தார். தன் முகத்தையும் யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

மூன்றும் சூடு. மூன்றும் துவர்ப்பு. ஒன்றைச் சொல்லிவிடலாம். மூன்றில் ஒன்று சரியாக வரும். வாயில் வசனம்கூடத் தயாராக இருந்தது.

"எனக்குத் தெரியேல்ல, சேர்."

அவர் புத்தகத்தில் அதை எழுதினார். நான் இறங்கிப்போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம் கூப்பிடுகிறார். சொல்வது அதேதான். எழுதுவதும் அதேதான். என் பெயருக்கு எதிரே அந்த வரி இப்போது ஏழு தரம் இருக்கிறது. எதையும் வெட்டவில்லை.

போன வியாழக்கிழமை எட்டாவது தரம். முதல் இரண்டையும் துப்பினேன். மூன்றாவதைத் துப்பிய பிறகு தொண்டைக்குப் பின்னால் ஏதோ ஒன்று நின்றது. மணம் என்று சொல்ல முடியாது. இருட்டு அறையில் யாரோ நிற்பது போல. திரும்ப உறிஞ்சினேன். அது இல்லை.

"என்ன?"

"மூண்டாவதில ஏதோ இருந்த மாதிரி. என்னெண்டு தெரியேல்ல. இப்ப அதுவும் இல்ல."

சேர் நான் சொன்னபடியே எழுதினார். சொல்லுக்குச் சொல்.

"சரியோ, சேர்?"

"சரியோ பிழையோ எண்டு நான் இப்ப சொல்லமாட்டன்," என்றார் அவர், பேனையை மூடிக்கொண்டு. "சொன்னா அடுத்த முறை உன்ட மூக்கால பாக்கமாட்டாய். என்ட வாயால பாப்பாய்."

கீழே இறங்கினேன். மத்தியானத்துக்குள் மூட வேண்டிய டின்கள் மேசையில் அடுக்கியிருந்தன. துண்டுத்தாளை மடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் வைத்து, மூடியை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு வந்தேன்.